ஓவர்சியர் பதில்கள்: சுண்ணாம்புக் கோட்டுக்குள் ஊர்

(32 வருஷம் ஊராட்சி ஒன்றியத்தில் ஓவர்சியராக இருந்து ஓய்வுபெற்றவர், பொதுக் கட்டடங்கள் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். ஊர் கூடி வடிவமைத்து, சூழலைக் கெடுக்காமல் கட்டுவது பற்றி வந்த கேள்விகள் இந்த இதழில்.)

எங்கள் ஊர்ப் பள்ளிக்கு நூலக அறையும் சாப்பாட்டுக் கூடமும் கட்ட முன்னாள் மாணவர்கள் பணம் திரட்டியிருக்கிறார்கள். ‘ஊரே சேர்ந்து வடிவமைக்கலாம்’ என்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?
– பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், செஞ்சி வட்டம்

நான் செய்த ஒரு தப்பிலிருந்து தொடங்குகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள் அம்மா. வேலைக்குச் சேர்ந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. ஓர் அங்கன்வாடி கட்டினேன். டைப் டிசைன் (எல்லா ஊருக்கும் ஒரே வரைபடம்) வந்தது, தரையில் மார்க்கிங் கொடுத்தேன், எம்-புக் என்ற அளவுப் புத்தகத்தில் அளவு எழுதினேன், பில் பாஸானது. கணக்கில் ஒரு பைசா இடிக்கவில்லை. ஆறு மாதம் கழித்து வேறு வேலையாக அந்த வழியே போனால், பிள்ளைகள் மொத்தமும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

“புதுக் கட்டடத்துல என்னம்மா குறை?” என்றேன் டீச்சரிடம்.

“உள்ள வந்து கொஞ்சம் குந்தி உட்காருங்க சார்.”

உட்கார்ந்தேன். நின்றபோது ஜன்னலில் தெரிந்த வயலும் வரப்பும் காணாமல் போய், எதிரே வெறும் சுவர். ஜன்னல் தொடங்குவதே மூன்றடியில். மூன்று வயதுப் பிள்ளையும் ஏறக்குறைய அதே மூன்றடிதான். அம்மா போன பாதை தெரியாமல் அழுகிறதாம். போதாததற்கு, சமையலறையைத் தெற்கே வைத்திருந்தேன். மதியம் தென்காற்று எழுந்தால் விறகுப் புகை நேராகப் பிள்ளைகள் அறைக்கு. “கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேனே சார்” என்றார். பதினோரு வருஷமாக அந்த ஊர்ப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவர். நான் மார்க்கிங் கொடுத்த அன்று பத்தடி தள்ளி நின்று வேடிக்கை பார்த்தவரும் அவர்தான். எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், எடுத்த எடுப்பில் பிளான் போடக் கொடுக்காதீர்கள். கட்டடத்துக்குள் யார், எத்தனை மணிக்கு, என்ன செய்யப்போகிறார்கள் என்று ஒரு பழைய நோட்டில் எழுதுங்கள். படிக்கிற பிள்ளை, பரிமாறுகிறவர், கூட்டிப் பெருக்குகிறவர், சாயங்காலம் பூட்டுகிறவர், எல்லோரும் அதில் இருக்க வேண்டும். பூட்டுகிறவரை எப்போதும் மறந்துவிடுவோம். அப்புறம் ஏழு கதவு, ஏழு பூட்டு, சாவிக்கொத்து ஒரு தேங்காய் கனம்.

அடுத்து, ஒரு கிலோ சுண்ணாம்புப் பொடி வாங்குங்கள். காகிதத்தில் இருக்கிற அறையைத் தரையில் முழு அளவில் கோடாகப் போடுங்கள். நமக்குப் பழக்கமாகிவிட்டதால் பிளானைப் பார்த்தால் அறை தெரிகிறது, மற்றவர்களுக்குத் தெரிவது வெறும் கட்டம். கோட்டுக்குள் நடக்கச் சொன்னால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஓய்வுபெற்ற பிறகு திண்டிவனம் பக்கம் ஒரு பள்ளியில் இப்படிக் கோடு போட்டு, சத்துணவு சமைக்கும் இரண்டு அம்மாக்களிடம் சாம்பார் அண்டாவை (காலி அண்டாதான்) தூக்கிக்கொண்டு சமையலறையிலிருந்து கூடத்துக்குப் போகச் சொன்னோம். ஆளுக்கொரு காதைப் பிடித்துத் தூக்கினார்கள். மூன்றடிக் கதவு என்று விட்டிருந்த இடைவெளியில் இரண்டு பேரும் அண்டாவும் சேர்ந்து நுழைய முடியவில்லை. ஒருவர் பின்பக்கமாக நடந்தார். “கொதிக்கிற சாம்பாரோட இப்படி நடக்க முடியுமா?” என்றார் பெரியம்மா. எங்கள் கோட்டைக் காலால் தேய்த்துவிட்டு, அண்டாவைக் கீழே வைத்து, தன் புடவை முந்தானையால் அளந்து நாலேகால் அடி காட்டினார். அங்கேயே திருத்தினோம். சுவர் எழும்பிய பிறகு அதே திருத்தத்தைச் செய்ய என்ன ஆகும் என்று யாராவது கொத்தனாரைக் கேளுங்கள்.

அந்த நாளில் பொறியாளர், கொத்தனார், எலக்ட்ரீஷியன், பிளம்பர் நாலு பேரும் அங்கே இருக்கட்டும். ஒருவர் முடித்துவிட்டுப் போக, அடுத்தவர் வந்து உடைப்பதுதான் நம் வழக்கம். பூசிய சுவரை உடைத்துப் பைப் புதைத்து மறுபடி பூசுவதில் போகும் சிமென்டைக் கூட்டினால் இன்னொரு திண்ணை கட்டலாம். இன்னொன்றும் மறக்க வேண்டாம். நீளவாட்டுச் சுவர்கள் வடக்கும் தெற்கும் பார்க்கட்டும். மேற்கே ஜன்னல் வேண்டாம். சாமான் அறையை அந்தப் பக்கம் தள்ளுங்கள், மூன்று மணி வெயிலை அது வாங்கிக்கொள்ளும்.

ஆப்பிரிக்காவில் காண்டோ பள்ளியை ஊரே சேர்ந்து கட்டியதாகப் பாடத்தில் வருகிறது. மக்கள் கல் சுமந்தால் அது கூட்டு வடிவமைப்பா? நம் ஊர் உழைப்புதானம்தானே அது?
– கட்டடக்கலை மாணவர், மதுரை

கல் சுமந்தது மட்டும்தான் என்றால் அது கூலி இல்லாத சித்தாள் வேலை, தம்பி. சந்தேகம் சரியானது. ஆனால் காண்டோவில் நடந்தது அதோடு முடியவில்லை.

காண்டோ, பர்கினா ஃபாசோ நாட்டில் ஒரு சிற்றூர். ஊர்த்தலைவரின் மகன் பிரான்சிஸ் கெரே, அந்த ஊரிலிருந்து பள்ளிக்கூடம் போன முதல் பையன். அதற்கும் வெளியூருக்குத்தான் போக வேண்டியிருந்தது. தச்சுவேலை பயில உதவித்தொகை கிடைத்து ஜெர்மனி போனவர், பெர்லினில் கட்டடக்கலை படித்துக்கொண்டிருக்கும்போதே 1998-ல் நண்பர்களோடு ஓர் அமைப்பு தொடங்கிப் பணம் சேர்த்தார். 2001-ல் ஊரில் மூன்று வகுப்பறைப் பள்ளி எழும்பியது. 2004-ல் அதற்கு ஆகா கான் கட்டடக்கலை விருது. 2022-ல் அவருக்குக் கட்டடக்கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசு, அதைப் பெற்ற முதல் ஆப்பிரிக்கர் அவர்தான்.

பிள்ளைகள் அஸ்திவாரத்துக்குக் கல் பொறுக்கி வந்ததும், மண் கல் அறுக்கப் பெண்கள் தண்ணீர் சுமந்ததும் எல்லாக் கட்டுரையிலும் வரும். எனக்கு முக்கியம் அதற்கு முந்தைய கட்டம். ஜெர்மனி வரை போய்ப் படித்தவன் மண்ணிலேதான் கட்டப்போகிறான் என்றதும் ஊருக்குப் பெரிய ஏமாற்றம். மண்சுவர் மழைக்கு நிற்காது என்பது அவர்கள் வருஷா வருஷம் கண்ணால் பார்த்தது. கெரே அதைப் பாமரத்தனம் என்று ஒதுக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவான ஊரில் வரைபடத்தை விரித்து என்ன பயன்? மாதிரி கட்டிக் காட்டினார். ஊர் சொன்ன குறை ஒவ்வொன்றுக்கும் கட்டடத்தில் ஒரு பதில் இருப்பதைப் பாருங்கள். மழைக்குக் கரையுமே? மண்ணோடு கொஞ்சம் சிமென்ட் சேர்த்து அச்சில் அழுத்திய கல், அதற்கு மேல் சுவரில் சாரல் படாதபடி அகலமாக நீட்டிய தகரக் கூரை. தகரம் கொதிக்குமே? வகுப்பறைக்கு மேல் மண் கல்லாலேயே ஒரு தளம், தகரம் அதைத் தொடாமல் நல்ல உயரத்தில். நடுவில் ஓடும் காற்று சூட்டைக் கொண்டுபோய்விடும். கிரேன் இல்லையே? கான்கிரீட்டுக்குள் போடுகிற சாதாரணக் கம்பியையே வெட்டி, வெல்டிங் வைத்து, ஆட்களே தூக்கிவிடக்கூடிய டிரஸ், அதாவது கூரையைத் தாங்கும் சட்டம். கைரம்பமும் சின்ன வெல்டிங் மெஷினும் கையாள ஊர் ஆட்களுக்கே பழக்கிக் கொடுத்தார். எங்கேயாவது துரு பிடித்தால் ஆள் தேடி நகரத்துக்கு ஓட வேண்டாம்.

பின்னால் அதே வளாகத்தில் நூலகம் தொடங்கியபோது, ஊர்ப் பெண்கள் செய்த மண்பானைகளைக் கொண்டுவரச் சொல்லி, அறுத்து, கூரைத் தளத்தில் பதித்தார்கள். பானை வாய் வழியாக வெளிச்சம் இறங்கும், சூடான காற்று ஏறும். முதல் தடவை அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு வயிற்றெரிச்சல். நம் ஊரில் இல்லாத பானையா? ஆனால் எஸ்டிமேட்டில் பானைக்கு ரேட் இல்லை.

நீங்கள் எந்தக் கட்டடத்தைப் பற்றிப் படித்தாலும் இதை மட்டும் தேடுங்கள்: ஊர் சொல்லி, வரைபடத்தில் ஒரு கோடாவது நகர்ந்ததா? நகரவில்லை என்றால் அது உழைப்புதானம். அதுவும் நல்ல காரியம்தான், பெயரை மட்டும் மாற்றிச் சொல்ல வேண்டாம்.

1977 புயலில் எங்கள் தாத்தா வீட்டு மண்சுவர் அப்படியே உட்கார்ந்துவிட்டது. இப்போது மறுபடி மண்ணில் கட்டு என்கிறார்களே, பொதுக் கட்டடத்துக்கு அது தாங்குமா?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

உங்கள் பயம் நியாயமானது. அந்த நவம்பரில் டெல்டாவில் ஓட்டு வீடே பறந்தது. ஆனால் ‘உட்கார்ந்துவிட்டது’ என்று சொன்னீர்களே, அந்தச் சொல்லிலேயே காரணம் இருக்கிறது. மேலே விழும் மழையைவிடக் காலடியில் தேங்கும் தண்ணீர்தான் மண்சுவருக்கு எமன். பழைய வீடுகளில் சுவர் தரையிலிருந்தே எழும்பும், அடி ஊறினால் முடிந்தது.

வங்கதேசத்தில் தினாஜ்பூர் மாவட்டம் ருத்ராபூரில் மெட்டி பள்ளி என்று ஒன்று. நெல், மூங்கில், விடாத மழை, ஏறக்குறைய உங்கள் பக்கம் மாதிரிதான். ஜெர்மனியைச் சேர்ந்த கட்டடக்கலைஞர்கள் அன்னா ஹெரிங்கரும் ஐக்கே ரோஸ்வாகும், தீப்ஷிகா என்ற அங்குள்ள தொண்டு நிறுவனத்தோடும் ஊர்க்காரர்களோடும் சேர்ந்து 2005 செப்டம்பரில் தொடங்கி டிசம்பரில் முடித்தார்கள். ஊர் வழக்கத்தில் விட்டுப்போனது அடிப்பகுதிதான் என்று பார்த்து, அரை மீட்டர் ஆழத்துக்குச் செங்கல் அஸ்திவாரம் போட்டு, ஈரம் மேலே ஏறாமல் பிளாஸ்டிக் ஷீட் விரித்தார்கள். அதற்கு மேல் மண்ணும் வைக்கோலும். மாடுகளை விட்டு மிதித்துக் குழைத்தது. மாடு கட்டிப் போரடித்த ஊர்க்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சுமார் இரண்டடி உயரத்துக்கு ஒரு வரிசை ஏற்றி, சில நாள் காயவிட்டு, பக்கங்களை மண்வெட்டியால் சீவி, ஒரு வாரம் போல விட்டு அடுத்த வரிசை. பலகை அடைப்பே கிடையாது. மேல்மாடி முழுக்க மூங்கில். 2007-ல் இதற்கும் ஆகா கான் விருது.

அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் ஆரோவில் போய்வாருங்கள். அங்குள்ள பார்வையாளர் மையம் 1989-க்கும் 1992-க்கும் நடுவில், அழுத்திய மண் கல்லால் கட்டியது. 30 வருஷத்துக்கு மேல் வடகிழக்குப் பருவமழையைப் பார்த்துவிட்டது. சூளையில் வேகவைக்காத கல் அது. மண்ணோடு 5 சதவீதம் அளவுக்கு சிமென்ட், மெஷினில் ஓர் அழுத்து, நாலு வாரம் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்வது. விறகு, நிலக்கரி எதுவும் இல்லை.

எல்லா மண்ணும் இதற்கு ஆகாது. உங்கள் மண்ணை வீட்டிலேயே சோதிக்கலாம். மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு இரண்டடி ஆழத்தில் எடுங்கள். மேல்மண்ணில் வேரும் மக்கும் இருக்கும், அது பயிருக்கு. கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. நன்றாகக் குலுக்கி ஜன்னலோரம் வைத்துவிடுங்கள். ஒரு நிமிஷத்தில் மணல் அடியில் படியும். வண்டல் அதற்கு மேல் மெதுவாக. களி மறுநாள் வரை தண்ணீரைக் கலங்கலாகவே வைத்திருந்துவிட்டுக் கடைசியில் உட்காரும். காலையில் ஸ்கேல் வைத்து அளந்தால் கணக்கு வந்துவிடும். சரளை 15, மணல் 50, வண்டல் 15, களி 20 என்ற பக்கம் இருந்தால் அழுத்திய கல்லுக்கு அருமையான மண். எங்கள் செம்மண் இதற்குக் கிட்டத்தில் வரும். உங்கள் பக்கத்துக் களியில் மணல் சேர்க்க வேண்டியிருக்கும். கரிசல் என்றால் சிமென்ட் ஒத்துவராது, சுண்ணாம்புதான். நான் இந்தச் சோதனையைப் பள்ளிப் பிள்ளைகளை வைத்துச் செய்யச் சொல்வேன். ஏழாம் வகுப்பில் ஒரு பெண் நாலு தெரு மண்ணை நாலு பாட்டிலில் வைத்து, குளத்துமேட்டு மண்தான் சரி என்று எங்களுக்கு முன்னால் கண்டுபிடித்துச் சொன்னாள்.

இறவாணத்தை மூன்றடி நீட்டுங்கள், பேஸ்மட்டத்தை நீங்கள் பார்த்த வெள்ளத்துக்கு ஓரடி மேலே ஏற்றுங்கள். அப்புறம் வருஷத்துக்கு ஒரு நாள் கைபார்க்க வேண்டும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற வீட்டுக்காரருக்கு இது புதுசு இல்லை.

28 வருஷமாகக் கொத்து வேலை. எந்த இன்ஜினீயரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்காமல் கொடுத்த பிளானில் நான் என்ன சொல்ல முடியும்?
– கொத்தனார், அருப்புக்கோட்டை

மேஸ்திரி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். கேட்காத ஆட்களில் நானும் ஒருவன்.

லாரி பேக்கர் என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். 1917-ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்து, திருவனந்தபுரத்தில் 2007-ல் இறந்த கட்டடக்கலைஞர். தம்பானூர் பேருந்து நிலையத்தை ஒட்டிச் செங்கல்லில் சுழன்று ஏறுகிறதே இந்தியன் காபி ஹவுஸ், அது அவர் கட்டியது. உள்ளூரில் வளர்ச்சி ஆராய்ச்சி மையமும் அவருடையது. (இது திருவனந்தபுரத்தில் இருக்கும் உள்ளூர், உங்கள் ஊர் என்று நினைத்துவிடாதீர்கள்.) அவர் வேலை பெரும்பாலும் சைட்டில்தான், கொத்தனாரோடு நின்று, கைக்குக் கிடைத்த காகிதத்தில் வரைந்துகொண்டு. அவர் பரப்பியதில் ஒன்று ராட் டிராப், அதாவது எலிப்பொறிக் கட்டு. கல்லைப் படுக்கவைக்காமல் குத்தவைத்து, நடுவில் குழி விட்டுக் கட்டுவது. ஒன்பது அங்குலச் சுவர்தான், ஆனால் கல் கால்வாசி மிச்சம். குழிக்குள் நிற்கும் காற்று வெயிலை உள்ளே விடாது.

இதை நான் ஒரு கிராம நூலகத்தில் முயன்றேன். புத்தகத்தில் படித்துவிட்டு, “இப்படிக் கட்டுங்க” என்றேன். கொத்தனார் ஒன்றும் பேசாமல் பத்துக் கல்லை எடுத்து வரிசையாக அடுக்கினார். நாட்டுச் சூளைக் கல், ஒன்று எட்டே முக்கால், ஒன்று ஒன்பதே கால். “இதைக் குத்தவெச்சா உங்க குழி ஒரு எடத்துல அகலமா, ஒரு எடத்துல குறுகலா வரும்” என்றார். ஒரே அளவாக வரும் சேம்பர் கல்லுக்கு மாற வேண்டியதாயிற்று. அடுத்து கலவை. குத்துக்கல் மேல் பரப்பும்போது பாதி குழிக்குள் விழுகிறது. காற்று நிற்க வேண்டிய இடத்தில் சிமென்ட். இரண்டாம் நாள் அவரே ஒரு ரீப்பர் கட்டையைச் சீவிக்கொண்டு வந்தார். குழி மேல் அதை வைத்துக்கொண்டு கலவை பரப்பி, கட்டையை உருவிவிட்டுக் கல் வைத்தார். ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. கதவு நிலையை ஒட்டியும், ஜன்னல் அடியிலும், லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் உத்திரம்) மட்டத்திலும் குழியில்லாமல் கெட்டியாகக் கட்டச் சொன்னதும் அவர்தான். வரைபடத்தில் நான் அதைக் குறிக்க மறந்திருந்தேன்.

நீங்கள் என்ன சொல்ல முடியும் என்றால், பத்துக் கல்லை எடுத்து அடுக்கிக் காட்டுங்கள். வாயால் சொன்னால் எங்கள் ஆட்களுக்கு மரியாதைக் குறைவாகப் படும். கல்லை அடுக்கினால் குனிந்து பார்ப்பார்கள்.

ஊராட்சி அலுவலகத்துக்குப் பசுமைக் கட்டடச் சான்றிதழ் வாங்கலாமா?
– வாசகர், ஓசூர்

சான்றிதழ் தர கிரிஹா இருக்கிறது, ஐ.ஜி.பி.சி. இருக்கிறது. செலவுக்கு வழி இருந்தால் வாங்குங்கள். அதற்கு முன் மின்விசிறி போடாமல் மே மாதம் பகல் பதினோரு மணிக்கு உள்ளே அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். உலகத்தில் வெளியாகும் கரியமில வாயுவில் 7, 8 சதவீதம் சிமென்ட் தயாரிப்பால் மட்டுமே. அலுவலக வாசலில் கான்கிரீட் வளைவு வைக்கப்போவதாகவும் எழுதியிருந்தீர்கள். அதை விட்டுவிடுங்கள், பாதிச் சான்றிதழ் கிடைத்த மாதிரி.

கூட்டம் போட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நாலு ஆண்கள் பேசுகிறார்கள், பெண்கள் பின்னால் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகிறார்கள். சமுதாயக் கூடம் ஒரு வருஷமாகப் பேச்சிலேயே நிற்கிறது.
– ஊராட்சி மன்றத் தலைவர், பெரம்பலூர் மாவட்டம்

தலைவரம்மா, எல்லாவற்றையும் எல்லோரிடமும் கேட்டால் இப்படித்தான் ஆகும். கம்பி எத்தனை எம்.எம். என்பதற்கு ஊர் ஓட்டுப் போட வேண்டாம், அது பொறியாளர் கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்பது. பந்திக் கூடம் எந்தப் பக்கம், கை கழுவும் இடம் எங்கே, மணப்பெண் அறைக் கதவு எதைப் பார்த்துத் திறக்க வேண்டும், கழிப்பறைக்கு வெளிச்சம் எங்கிருந்து என்பதெல்லாம் ஊர் சொல்ல வேண்டியது. இரண்டையும் கரும்பலகையில் இரண்டு பக்கமாக எழுதிப் போட்டுவிட்டே கூட்டத்தைத் தொடங்குங்கள். வாஸ்துவுக்கு மூன்றாவது பக்கம் ஒதுக்காதீர்கள், பலகை போதாது.

பெண்கள் கூட்டத்தில் பேசமாட்டார்கள் என்பது பாதி உண்மை. கூட்டம் நடக்கிற இடத்தில் பேசமாட்டார்கள். நூறு நாள் வேலை நடக்கிற ஏரிக்கரையில் பத்தரை மணிக்குப் போய் உட்காருங்கள். மகளிர் குழுக் கூட்டத்துக்குக் கட்டட மாடலை எடுத்துக்கொண்டு போங்கள். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டிச் செய்தாலே போதும். கூரையைக் கழற்றி மாட்டுகிற மாதிரி செய்யுங்கள், கை தானாக உள்ளே போகும்.

ஆனால் எல்லாவற்றுக்கும் முந்தைய கேள்வி ஒன்று இருக்கிறது. எகிப்தில் ஹசன் ஃபாத்தி என்ற பெரிய கட்டடக்கலைஞர், லக்சர் அருகே குர்னா மக்களுக்காக 1945 வாக்கில் ஒரு புது ஊரையே மண் கல்லில் கட்டத் தொடங்கினார். குடும்பம் குடும்பமாகத் தேவையறிந்து வீடு அமைக்க வேண்டும் என்று மனதார நினைத்தவர். மசூதி, அங்காடி, பள்ளி என்று இன்றைக்கும் மாணவர்கள் போய்ப் பார்க்கிற அழகு. ஆனாலும் பெரும்பாலோர் குடிவரவில்லை, ஊர் பாதியில் நின்றது. அவர்கள் பிழைப்பு பழைய ஊரில், பண்டைய கல்லறைகளின் மேல் இருந்தது. இடம் மாறச் சொன்னது அரசின் தொல்பொருள் துறை. வீடு எப்படி வேண்டும் என்று கேட்க ஆள் இருந்தார். அங்கே வர விருப்பமா என்று முதலில் கேட்க ஆள் இல்லை.

சமுதாயக் கூடம் வேண்டும் என்று உங்கள் ஊரில் யார் கேட்டது? அதைத் தெரிந்துகொண்டு எனக்கு மறுபடி எழுதுங்கள். ஒரு வருஷப் பேச்சுக்குக் காரணம் அதில் இருக்கலாம்.

இதெல்லாம் நன்கொடைக் கட்டடத்துக்குச் சரி. அரசுப் பணத்தில், டெண்டரில், மண் கல்லும் பானையும் எப்படி நுழையும்?
– இளநிலைப் பொறியாளர், பெயர் வேண்டாம் என்று எழுதியவர்

பெயர் வேண்டாம் என்றது புத்திசாலித்தனம், நானும் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்தவன்தான். ரேட் பட்டியலில் இல்லாத ஐட்டத்துக்கு டேட்டா (விலைக் கணக்கு) போட்டு மேலே ஒப்புதல் வாங்கலாம், உங்களுக்கே தெரியும். மூன்று பக்க வேலைக்கு யாரும் கை வைப்பதில்லை, அவ்வளவுதான். மண் கல்லுக்கு ஐ.எஸ். 1725 என்று இந்தியத் தர விதியே இருக்கிறது. அந்த எண்ணைக் குறிப்பில் எழுதினால் தணிக்கையில் கேள்வி வந்தாலும் பதில் இருக்கும்.

‘நமக்கு நாமே’ திட்டத்தில் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு தருகிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் பகுதி என்றால் ஐந்தில் ஒரு பங்கே போதும். பங்கு போட்டவர்கள் கேள்வி கேட்பார்கள், அது உங்களுக்குத் தலைவலியாகவும் இருக்கும், துணையாகவும் இருக்கும். என்ன பொருள், என்ன வடிவம் என்பதைக் கிராமசபைத் தீர்மானத்தில் எழுத வையுங்கள். குடியரசு தினம், மார்ச் 22, மே 1, சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு வாய்ப்பு. ‘மேற்படி கட்டடம் கட்டித்தர வேண்டுமாய்’ என்று ஒற்றை வரியில் முடித்தால் பெட்டி மாதிரிக் கட்டடம்தான் வரும்.

கூட்டாக வடிவமைப்பது பற்றி இவ்வளவு எழுதுகிறீர்களே, உங்கள் சொந்த வீடு எப்படி?
– வாசகி, கடலூர்

இந்தக் கேள்வியை என் மனைவிதான் எழுதிப் போட்டாரோ என்று கையெழுத்தைச் சரிபார்த்தேன். 1994-ல் கட்டியது. நாலு பக்கமும் கான்கிரீட், மேற்கே பெரிய ஜன்னல், மாடியில் ஏப்ரல் முதல் ஜூலை வரை துணி மட்டும்தான் இருக்க முடியும். பிளான் நான் போட்டது. யாரையும் கேட்கவில்லை.

பாத்திரம் கழுவும் தொட்டியை என் உயரத்துக்கு வைத்துவிட்டேன். அவர் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. 30 வருஷமாக ஒரு மரப்பலகை மேல் ஏறி நின்றுதான் கழுவுகிறார். போன மாதம் தொட்டியை இறக்கிவிடலாம் என்று கொத்தனாரைக் கூப்பிட்டேன். வந்தவர் என்னிடம் பேசாமல் நேராக அடுப்படிக்குப் போய், “எவ்வளவு இறக்கணும்மா?” என்று கேட்டார். மூன்றரை அங்குலம் என்றார் மனைவி. அத்தோடு ஜன்னல் பக்கம் ஓரடி நகர்த்த வேண்டும், தெருவில் கீரைக்காரர் வருவது தெரிய வேண்டும் என்றார். பைப் அந்தப் பக்கம் இல்லையே என்று நான் வாயைத் திறந்தேன். கொத்தனார், “அது கொண்டாந்துடலாம் சார்” என்றார்.